குளிர் ஊரில் வெந்துபோன கியர்பெட்டி

வாசகர் கேள்வி – பதில்: வாகனப் பகுதி

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, என்னிடம் 1996ஆம் ஆண்டு தயாரிக்கப்பட்ட டொயோட்டா ஹைலக்ஸ் டபள் கெப் வண்டி ஒன்று உள்ளது. டீசல் எஞ்சின், நான்கு சில்லு இயக்கம், ஓட்டோமெட்டிக் கியர். வாரத்தில் இரண்டு நாள் கரட், லீக்ஸ் ஏற்றிக்கொண்டு கம்பளைக்கு இறங்குவேன். திரும்பும்போது உர மூட்டைகளுடன் இறம்பொடை ஏற்றத்தில் ஏறி வருவேன். இரண்டு மாதங்களாக, வண்டி சூடானதும் 'டி'யில் (முன்னோக்கி ஓடும் நிலையில்) போட்டு மிதித்தால் எஞ்சின் மட்டும் இரைகிறது, வண்டி நகர்வதில்லை. ஒரு மணித்தியாலம் ஓரமாக நிறுத்திவைத்தால் மீண்டும் ஓடுகிறது. ரிவர்ஸ் மட்டும் எந்த நேரத்திலும் குறையில்லாமல் வேலை செய்கிறது. எட்டு மாதங்களுக்கு முன்னர் ரேடியேட்டர் ஓட்டையாகிவிட்டதால், கியர் மாற்றி ஓட்டும் வண்டியொன்றிலிருந்து கழற்றிய ரேடியேட்டரை மலிவாக வாங்கிப் போட்டோம். கியர்பெட்டியிலிருந்து வரும் இரண்டு சிறிய குழாய்களுக்கு அதில் இடமில்லாததால், வண்டி திருத்தும் பாஸ் ஒரு இறப்பர் குழாயால் இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டார். அதன்பின் எஞ்சின் சூடு கூடவே இல்லை. இப்போது பெட்டியை முழுமையாகத் திருத்த ஒரு கராஜில் 5 இலட்சம் ரூபாய் கேட்கிறார்கள். கொழும்பில் பழைய உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் பாவித்த பெட்டி 190,000 ரூபாய்க்குக் கிடைக்கும் என்கிறார்கள். குறைந்த செலவில் எதைச் செய்வது?

– கந்தப்பளை வாசகர், நுவரெலியா மாவட்டம்

பதில்: பாவித்த பெட்டியை வாங்குங்கள், ஆனால் இந்த வாரம் வாங்காதீர்கள். முதற்பெட்டியைக் கொன்றது எது என்பதைக் கண்டுபிடிக்காமல் இரண்டாவது பெட்டிக்குப் பணம் கொடுப்பது, அதே பணத்தை இன்னொரு முறை கொடுப்பதற்கான ஆயத்தம்தான். உங்கள் விடயத்தில் அதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. அந்த இறப்பர் குழாயைப் பற்றி நீங்களே எழுதிவிட்டீர்கள்.

ஓட்டோமெட்டிக் கியர் வண்டியின் ரேடியேட்டருக்குள், எஞ்சின் தண்ணீர் ஓடும் தொட்டியினுள்ளே, தனியாக ஒரு சிறிய கூலர் இருக்கும். கியர்பெட்டியின் சூடான ஒயில் ஒரு குழாய் வழியாக அதற்குள் சென்று, சூட்டை இறக்கிவிட்டு, மற்றக் குழாய் வழியாகப் பெட்டிக்குத் திரும்பும். கையால் கியர் மாற்றும் வண்டியின் ரேடியேட்டரில் இந்தக் கூலர் கிடையாது. உங்கள் பாஸ் இரண்டு குழாய்களையும் இணைத்ததால் ஒயில் ஒழுகாமல் சுற்றி வந்தது என்பது உண்மை; ஆனால் எட்டு மாதங்களாக அது எங்கேயும் ஆறாமலே சுற்றி வந்தது. எஞ்சின் சூடு காட்டும் முள் எஞ்சின் தண்ணீரைத்தான் காட்டுமே தவிர, கியர்பெட்டியின் ஒயிலைக் காட்டாது என்பதால், உங்களுக்கு எச்சரிக்கை எதுவும் கிடைக்கவில்லை.

நுவரெலியாக் குளிரில் கியர் ஒயில் எப்படி வேகும் என்று பலர் கேட்பதுண்டு. ஊரின் குளிருக்கும் பெட்டியின் சூட்டுக்கும் பெரிய தொடர்பு இல்லை. எஞ்சினுக்கும் கியர்களுக்கும் நடுவில் உள்ள டோர்க் கன்வேர்ட்டர், ஏற்றத்தில் மெதுவாக இழுக்கும்போது தன் இரு பக்கங்களுக்கும் இடையில் ஒயிலைக் கலக்கியபடியே இருக்கும். அந்தக் கலக்கலில் இழக்கப்படும் சக்தி முழுவதும் சூடாக மாறி ஒயிலிலேயே சேரும். கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு வருவதற்குள் உங்கள் வண்டி 1,300 மீற்றருக்கு மேல் உயர்கிறது. சுமையுடன் இரண்டரைத் தொன் எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கத் தேவையான சக்தியில் பத்தில் ஒரு பங்கு மட்டும் ஒயிலில் சூடாகச் சேர்கிறது என்று வைத்துக்கொண்டால், பத்து லீற்றர் ஒயிலின் வெப்பநிலையை 180 பாகைக்கு மேல் உயர்த்த அது போதும். இது தாளில் போட்ட கணக்குத்தான். பெட்டியின் உலோகமும் வெளிக்காற்றும் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். ஆனாலும் கூலர் இல்லாமல் இறம்பொடை ஏறுவது எத்தகைய காரியம் என்பது விளங்கும்.

இனி, பெட்டி உண்மையிலேயே போய்விட்டதா என்பதைப் பார்ப்போம். ரிவர்ஸ் நன்றாக இழுப்பதால், எஞ்சினையோ, கன்வேர்ட்டரையோ, நான்கு சில்லு இயக்கத்துக்கான ட்ரான்ஸ்பர் பெட்டியையோ சந்தேகிக்க வேண்டியதில்லை. சூடானதும் முன்னோக்கிய இழுவை மட்டும் இல்லாமற்போகிறது என்றால், பெட்டிக்குள் ஒயில் அழுத்தத்தால் பிடித்து வண்டியை முன்னே இழுக்கும் 'முன்னோக்கிய கிளச்'சின் பிஸ்டனில் உள்ள இறப்பர் சீல்கள் வெந்து இறுகிவிட்டன என்பதே முதற் சந்தேகம். ஒயில் குளிர்ந்து தடித்திருக்கும்போது அந்தச் சீல்கள் எப்படியோ அழுத்தத்தைத் தாங்கும். ஒயில் சூடாகி நீர்த்ததும் கசியவிடும். கிளச் தட்டுகள் வழுக்கித் தேயும். ஒரு மணித்தியாலம் நிறுத்தியதும் வண்டி மீண்டும் ஓடுவதன் இரகசியம் இதுதான்.

இருந்தாலும், காசில்லாமல் செய்யக்கூடிய மூன்று சோதனைகளைச் செய்துவிடுங்கள். வண்டி சூடாகி 'டி'யில் நகராத அதே நேரத்தில் 'எல்'லில் (தாழ்ந்த கியரில்) போட்டுப் பாருங்கள். இந்த வகைப் பெட்டிகளில் 'எல்'லில் இழுத்து 'டி'யில் மட்டும் இழுக்காவிட்டால், கிளச் அல்ல, ஒரு பக்கமாக மட்டும் சுழலவிடும் ஒருவழி உருளைத் தடுப்பே பழுதாகியிருக்கும். இரண்டிலும் இழுக்காவிட்டால் முன்னோக்கிய கிளச்சேதான். அடுத்தது ஒயில் அளவு. வண்டி சூடாகி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்தபடி 'பி'யிலிருந்து (நிறுத்தும் நிலையிலிருந்து) 'எல்' வரை ஒவ்வொன்றாகப் போட்டு மீண்டும் 'பி'க்கு வந்த பின்னரே ஒயில் குச்சியை இழுத்துப் பார்க்க வேண்டும். வண்டி மட்டமான தரையில் நிற்பதும் அவசியம். நம் பக்கத்தில் வீட்டு வாசலில் அத்தகைய தரை அரிது. ஆகவே எரிபொருள் நிலையத்து முற்றத்தில் வைத்துப் பாருங்கள். சரிவில் பார்த்த அளவை நம்பி, நல்ல பெட்டிக்கு மேலும் மேலும் ஒயில் ஊற்றிக் கெடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

மூன்றாவது, அந்தக் குச்சியிலிருந்து ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விடுவது. ஒயில் சிவப்பாகப் பரவினால் நல்லது. கறுத்து, தீய்ந்த பாணின் மணம் வந்து, சொட்டின் நடுவில் கறுப்புத் தூள் தங்கினால், கிளச் தட்டுகளின் உறை எரிந்து கரைகிறது என்று பொருள். பால் தேத்தண்ணீரின் நிறத்தில் இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கிறது. உங்கள் வண்டியில் இப்போது அதற்கு வழியில்லை என்றாலும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அந்தத் தண்ணீர் தட்டுகளின் உறையை ஒட்டியிருக்கும் பசையை இளக்கிவிடுவதால், அத்தகைய பெட்டியை ஒயில் மாற்றி மீட்கலாம் என்று நம்ப வேண்டாம். உங்கள் சொட்டு கறுப்பாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் ஒயிலை மட்டும் மாற்றிப் பார்ப்போம் என்ற ஆலோசனைக்கும் செவிகொடுக்காதீர்கள். வடிகட்டும் ஆணியைக் கழற்றினால் வெளியேறுவது ஏறத்தாழ இரண்டு லீற்றர்தான். மீதி கன்வேர்ட்டருக்குள்ளும் குழாய்களுக்குள்ளும் தங்கிவிடும். எரிந்த தட்டு புதிய ஒயிலால் தடிப்பதுமில்லை.

ஐந்து இலட்சம் ரூபாய்த் திருத்தத்தைப் பற்றி என் கருத்து இது. ஓட்டோமெட்டிக் பெட்டியைத் திருத்துவதில் உதிரிப்பாகங்களின் விலையைவிட, திருத்துபவரின் கையே முக்கியம். இதே வகைப் பெட்டியை அவர் முன்னர் திறந்து பூட்டியிருக்கிறாரா, அவ்வாறு பூட்டிய வண்டி ஒன்று இன்றும் மலையேறுகிறதா என்று கேளுங்கள். அப்படிப்பட்ட வண்டியைக் காட்ட முடிந்தவரிடம் அந்தத் தொகையைக் கொடுப்பதில் தவறில்லை. காட்ட முடியாவிட்டால், பாவித்த பெட்டியே உங்கள் பணத்துக்குப் பாதுகாப்பு. வண்டியையே விற்றுவிடுவோமா என்ற கேள்வியும் சிலருக்கு வரும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரி வரை தனியார் வாகனங்கள் வராமலிருந்த காலத்தில் பழைய கெப் வண்டிகளின் விலை ஏறிய விதத்தைப் பார்த்தவர்கள், ஓடாத நிலையில் ஒன்றை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடச் சம்மதிக்க மாட்டார்கள்.

பஞ்சிகாவத்தைக்குப் புறப்படும் முன்னர், வண்டியின் முன்மூடியைத் திறந்து, எஞ்சின் அறைச் சுவரில் அறையப்பட்டிருக்கும் தகட்டைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். அதில் கியர்பெட்டியின் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். அக்கால ஹைலக்ஸ், 4ரன்னர் வண்டிகளில் வந்த நான்கு வேகப் பெட்டிகளில் ஐசின் நிறுவனம் செய்த ஏ340 குடும்பம் பரவலானது. ஜீப் செரோக்கியில் ஏ.டபிள்யூ.4 என்ற பெயரில் இருந்ததும் அதே குடும்பந்தான். குடும்பம் ஒன்றாக இருந்தாலும் பிள்ளைகள் வேறு வேறு. இரண்டு சில்லு இயக்கப் பெட்டி நான்கு சில்லு வண்டிக்குப் பொருந்தாது. பெட்டியை எஞ்சினுடன் இணைக்கும் முன்கூடு பெற்றோல் எஞ்சினுக்கானதாக இருந்தால் டீசல் எஞ்சினில் அமராது. சில பெட்டிகளைக் கணினி கட்டுப்படுத்தும். சிலவற்றை ஒயில் அழுத்தமே கட்டுப்படுத்தும். கடைக்காரர் 'எல்லாம் ஒன்றுதான், அண்ணே' என்று சொன்னால், தகட்டின் படத்தைக் காட்டிவிட்டு, பெட்டியின் பக்கத்திலிருந்து வரும் மின்கம்பி இணைப்பியை உங்களுடையதுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன்னர் பெட்டியின் அடித்தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்கு நடந்துவிடுங்கள். தட்டின் அடியிலுள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசைபோல மெல்லிய படலம் இருப்பது வயதின் அடையாளம்; அதற்குப் பயப்பட வேண்டாம். விரலில் குத்தும் இரும்புச் சீவல்கள் இருந்தால் பெயரிங்கோ பற்சக்கரமோ தேய்ந்திருக்கிறது. காந்தத்தில் ஒட்டாமல், பித்தளை நிறத்தில் மினுங்கும் துகள்கள், தண்டுகளைத் தாங்கும் புஷ்கள் போனதைச் சொல்லும். தட்டில் தேங்கிய ஒயிலுக்கும் முன்னர் சொன்ன தாள் சோதனையைச் செய்யுங்கள். கன்வேர்ட்டரையும் சேர்த்தே வாங்குங்கள். உங்கள் பழைய கன்வேர்ட்டருக்குள் எரிந்த தூள் நிறைந்திருப்பதால் அதைப் புதிதாக வந்த பெட்டியில் மாட்டக்கூடாது. எழுத்தில் பற்றுச்சீட்டும், நாட்கணக்கில் அல்லாமல் ஏற்றக்கணக்கில் உத்தரவாதமும் கேளுங்கள். கொழும்பின் மட்டமான வீதியில் மூன்று நாள் ஓடுவது ஒரு சோதனையே அல்ல. சுமையுடன் இறம்பொடையில் இரண்டு முறை ஏறும்வரை உத்தரவாதம் வேண்டும் என்று பேரம் பேசலாம். எல்லாரும் இணங்க மாட்டார்கள் என்பது உண்மைதான்.

சிக்கனம் பிடிக்கக்கூடாத பொருள் கூலர்தான். ரேடியேட்டருக்கு முன்னால் காற்றுப்படும் இடத்தில், தனியாகப் பொருத்தும் புதிய ஒயில் கூலர் ஒன்றை வாங்குங்கள். உடைத்த வண்டியிலிருந்து கழற்றிய கூலர் வேண்டாம். அதன் முந்தைய பெட்டி எப்படிச் செத்தது என்பது யாருக்கும் தெரியாது. நான் கராஜில் வேலை பழகிய காலத்தில், நல்ல பெட்டியொன்றைப் பொருத்திவிட்டு, பழைய கூலரையும் குழாய்களையும் கழுவாமல் விட்டோம். மூன்றாவது வாரம் அந்த வண்டி கயிற்றில் இழுக்கப்பட்டு எங்கள் வாசலுக்கே வந்தது. பழைய பெட்டியின் சீவல்கள் முழுவதும் புதிய பெட்டியின் வால்வுகளுக்குள் போயிருந்தன. ஆகவே வண்டியின் அடியில் ஓடும் இரண்டு இரும்புக் குழாய்களையும் கரைப்பான் ஊற்றிக் கழுவி, அழுத்தக் காற்றால் ஊதி, வெள்ளைத் துணியில் அழுக்கு விழாத வரை திரும்பச் செய்யுங்கள். இணைக்கும் இறப்பர் குழாய் சூடான ஒயிலைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் சில மாதங்களில் உப்பிப் பிளந்துவிடும்.

பொருத்தும்போது நடக்கும் பிழைகளில் மிகவும் கொடியது கன்வேர்ட்டரை முழுமையாக உட்காரவைக்காமல் பெட்டியை எஞ்சினுடன் முறுக்குவது. கன்வேர்ட்டரைச் சுற்றிச் சுற்றி உள்ளே தள்ளும்போது, இரண்டு தண்டுகளின் பற்களிலும் அதன் பின் ஒயில் பம்பின் வாயிலும் அது படிப்படியாக இறங்குவதைக் கையால் உணரலாம். முன்கூட்டின் விளிம்பின் குறுக்கே ஒரு நேரான சட்டத்தை வைத்து, கன்வேர்ட்டர் விளிம்பு எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று அளந்த பின்னரே பெட்டியைத் தூக்க வேண்டும். கடைசிப் படி இறங்காத நிலையில் போல்ட்டுகளை முறுக்கி இழுத்தால் பம்ப் அந்த இடத்திலேயே உடையும். 190,000 ரூபாய் எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னரே முடிந்துவிடும். உங்கள் பாஸ் அளக்கிறாரா என்று அருகில் நின்று பாருங்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

பெட்டி கீழே இருக்கும்போதே அதன் முன்சீல், பின்சீல், ஃபில்டர், அடித்தட்டு காஸ்கெட் ஆகியவற்றையும், கசிந்தால் எஞ்சினின் பின்சீலையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். இவற்றின் விலை சிறிது, மீண்டும் கழற்றும் கூலி பெரிது. ஆக்சிலேட்டர் இணைப்பிலிருந்து பெட்டிக்குச் செல்லும் கேபிள் உங்கள் வண்டியில் இருந்தால், முழுமையாக மிதித்த நிலையில் அதன் உறை முனைக்கும் கேபிளிலுள்ள குமிழுக்கும் இடையில் 1 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. இந்தக் கேபிள் தளர்ந்திருந்தால் பெட்டிக்குள் ஒயில் அழுத்தம் குறைந்து, நல்ல கிளச்சும் வழுக்கும். ஓட்டத் தொடங்கிய பின், பிரேக்கை மிதித்தபடி 'என்'னிலிருந்து (கியர் விழாத நிலையிலிருந்து) 'டி'க்கு மாற்றினால் 1.2 வினாடிக்குள்ளும், ரிவர்ஸுக்கு மாற்றினால் 1.5 வினாடிக்குள்ளும் வண்டி பிடிப்பதை உடலில் உணர வேண்டும். ஆயிரம் கிலோமீற்றர் ஓடியதும் ஒயிலை இன்னொரு முறை மாற்றுங்கள். ஏற்றத்தில், மிக உயர்ந்த கியரான ஓவர்டிரைவின் பொத்தானை அணைத்துவிட்டு ஏறுங்கள்.

கேள்வி: ஐயா, நான் பண்டாரவளையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். எனது பழைய கெப் வண்டியின் ஓட்டோமெட்டிக் கியர் முற்றாகப் போய்விட்டது. அதை எடுத்தெறிந்துவிட்டு, கையால் மாற்றும் கியரைப் போட்டால் இந்தத் தொல்லை ஒருபோதும் வராது, செலவும் பாதி என்று கராஜில் சொல்கிறார்கள். எனக்கு இடது முழங்காலில் தேய்மானம் இருக்கிறது. தங்கள் ஆலோசனை என்ன?

– பண்டாரவளை வாசகர்

பதில்: முழங்காலைப் பற்றி நீங்கள் எழுதிய வரியோடு என் பதில் முடிந்துவிட்டது. பண்டாரவளையிலிருந்து ஹப்புத்தளை வரை ஒரு பஸ்ஸின் பின்னால் ஊர்ந்து சென்றால் எத்தனை முறை கிளச்சை மிதிக்க வேண்டியிருக்கும் என்பதை உங்கள் கால் எனக்கு முன்னரே அறியும். மாற்ற வேண்டாம்.

கால் நன்றாக இருக்கும் வாசகர்களுக்கு மட்டும் மீதியை எழுதுகிறேன். இந்த மாற்றம் நடக்கக்கூடியதே. மலைநாட்டு வேலைக்கு அது மோசமான முடிவும் அல்ல. ஆனால் 'பாதிச் செலவு' என்று சொல்பவர் பெரும்பாலும் கியர்பெட்டியின் விலையை மட்டுமே சொல்கிறார். அதனுடன் முன்கூடு, பிளைவீல், கிளச் தட்டு, பிரெஷர் பிளேட், கிளச் பெடலும் அதன் தாங்கியும், மேல் சிலிண்டரும் கீழ்ச் சிலிண்டரும், பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டம், நீளம் மாறினால் சில்லுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாம் தேவைப்படும். இவற்றைத் தனித்தனியாகத் தேடினால் மாதக்கணக்கில் அலைச்சல்தான். அதே மொடலில், கையால் கியர் மாற்றும் வண்டியொன்று உடைப்பதற்கு வந்து, அதிலிருந்து எல்லாவற்றையும் ஒரே விலைக்குப் பேசி எடுக்க முடிந்தால் மட்டுமே இந்த வழி மலிவு. மறந்துவிடும் பொருள் ஒன்று உண்டு: கிரேங்க் ஷாஃப்டின் பின்முனையில் கியர்பெட்டித் தண்டின் நுனியைத் தாங்கும் சிறிய பைலட் பெயரிங். ஓட்டோமெட்டிக் வண்டியின் எஞ்சினில் அது போடப்பட்டிருக்காது. அதைப் போடாமல் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடி மீண்டும் கழற்றியவர்கள் உண்டு. 'பி' அல்லது 'என்'னில் இருந்தால் மட்டுமே எஞ்சினை ஸ்டார்ட் ஆக விடும் சுவிட்சின் கம்பிகளையும் முறையாக மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வேலையெல்லாம் முடிந்த பின்னர் சாவியைத் திருப்பினால் எதுவும் நடக்காது.

கேள்வி: ஓட்டோமெட்டிக் கெப் வண்டியின் பற்றரி இறங்கிவிட்டால், எங்கள் தோட்டத்துச் சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்யலாமா? பழுதானால் கயிறு கட்டி இழுக்கலாமா?

– ஹட்டன் வாசகர்

பதில்: உருட்டி ஸ்டார்ட் செய்ய முடியாது. பெட்டிக்குள் இருக்கும் ஒயில் பம்பை எஞ்சின்தான் சுற்றுகிறது. எஞ்சின் நிற்கும்போது அழுத்தம் இல்லை, அழுத்தம் இல்லாமல் எந்தக் கிளச்சும் பிடிக்காது. சரிவின் அடிவரை வண்டி உருளும், அவ்வளவுதான். பிரேக்குக்கு எஞ்சினின் துணையும் இல்லாமல் உருளும் என்பதை மறக்க வேண்டாம். இன்னொரு பற்றரியிலிருந்து கம்பி கொடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள்.

இழுப்பதிலும் இதே சிக்கல் உண்டு. சில்லுகள் தரையில் சுற்ற, பெட்டியின் பின்பகுதியும் சேர்ந்து சுற்றும். பம்ப் நிற்பதால் ஒயில் அங்கே போகாது. நடு வீதியிலிருந்து ஓரத்துக்கு மெதுவாக நகர்த்துவது வேறு விடயம். ஹட்டனிலிருந்து கண்டிவரை இழுக்க வேண்டுமானால் வண்டியைத் தட்டை லொறியில் ஏற்றுங்கள். அது கிடைக்காவிட்டால், புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு இழுங்கள். நான்கு சில்லு வண்டியில் அத்தகைய ஷாஃப்ட் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு இருக்கும். இரண்டையும் கழற்ற வேண்டும். கழற்றுவதற்கு முன்னர் சில்லுகளுக்குக் கல் வையுங்கள், ஏனெனில் ஷாஃப்ட் கழன்றதும் 'பி'யில் இருந்தாலும் வண்டி நிற்காது.